பல்கனியில் ஒரு தண்ணீர்ப் படிக்கட்டு

என் கணவருக்கு வேலை போன விஷயம், சுவிஸில் நாங்கள் இருக்கும் லாங்கன்தாலில் என்னைத் தவிர வேறு ஒரு தமிழருக்கும் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டளை. இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழிற்சாலையில் அவர் வேலை செய்த பிரிவையே மூடிவிட்டார்கள். கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றே பாதி ஆயுளைக் கழித்த மனிதர். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. பிள்ளைக்கும் வேண்டாம், கொண்ணைக்கும் வேண்டாம்."

பிள்ளை என்றது லௌசானில் படிக்கும் எங்கள் ஒரே மகளை. கொண்ணை என்றது என் அண்ணையை. அவர் இதே ஊரில், நாலு தெரு தள்ளி இருக்கிறார்; அவருக்கு வேறொரு தொழிற்சாலையில் வேலை. மகளிடம் மறைப்பது சுலபம், தொலைபேசியில் குரலை மட்டும் கவனித்துக்கொண்டால் போதும். அண்ணையிடம் மறைப்பதுதான் பெரும்பாடு. இந்த ஊரில் நம்மவர் ஒருவர் தும்மினால் நாலு வீட்டிலிருந்து கைமருந்து வந்து சேரும். ஆகவே திங்கட்கிழமை காலை என் கணவர் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, வழக்கமான பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பைக்குள் நான் கட்டிக்கொடுத்த சோறும் தேநீர் பிளாஸ்கும். ரயிலேறிப் பக்கத்து ஊர் நூலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டு, பின்னேரம் களைத்துப்போன முகத்தோடு திரும்பி வந்தார். அந்தக் களைப்பு நடிப்பில்லை.

அதன் பிறகு வீட்டில் அவர் பேச்சு நின்றுபோனது. "ஓம்", "இல்லை", "வேண்டாம்" என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலத்தையே ஒப்பேற்றிவிட்டார். நானோ வாயை மூடத் தெரியாதவள். முதியோர் இல்லச் சமையலறையில் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வந்து, அவருக்கு முன்னால் உட்கார்ந்து புத்தி சொல்வேன். அங்கே விண்ணப்பம் போடுங்கோ, இங்கே ஒரு வகுப்பு இருக்காம், அண்ணையைக் கேட்டால் வழி சொல்லுவார். ஒன்றும் உள்ளே போகவில்லை. சில நாட்களில் கோபம் வந்து கோப்பையை நங்கென்று வைப்பேன். அதற்கும் அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்றுகூட நான் வேண்டவில்லை. ஒரு மனிதரிடமாவது அவர் வாய் திறந்து "எனக்கு வேலை இல்லை" என்று சொல்லிவிட்டால் போதும் என்றுதான் வேண்டினேன்.

தை மாதம் போலிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று முழு வசனம் ஒன்று பேசினார். "கப்பல் மலை ஏறும், தெரியுமோ?"

சரி, மனுசனுக்கு மூளை தட்டிவிட்டது என்று நினைத்தேன். அவரோ பைக்குள்ளிருந்து நூலகப் புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தார். தெற்குப் பிரான்சில் ஒரு மலைச்சரிவு. அந்தச் சரிவில் கல்லால் கட்டிய தொட்டிகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் படிக்கட்டுப் போல ஏறிப் போயின. ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் தண்ணீர். நடுவில் ஒரு தொட்டியில் படகொன்று நின்றது, அதில் ஒருத்தி குடை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவர் எனக்கு விளக்கியதை இப்போதும் ஒப்பிப்பேன், அத்தனை தரம் பிறகும் கேட்டிருக்கிறேன். இதற்குக் கால்வாய்ப் பூட்டு என்று பெயர். சாதாரணமாக ஓர் அறை, இரண்டு கதவு. படகு உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி, மேலேயிருந்து தண்ணீரை விட்டால் படகு உயரும். கீழே திறந்துவிட்டால் இறங்கும். பம்பும் இல்லை, இயந்திரமும் இல்லை, தண்ணீரின் பாரம்தான் வேலை செய்கிறது. கதவு இரட்டைக் கதவு. இரண்டும் நேராகச் சந்திப்பதில்லை, உயரமான தண்ணீரின் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு சந்திக்கும். அதனால் தண்ணீர் தள்ளத் தள்ளக் கதவு இன்னும் இறுகும். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகும் வரைக்கும் பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் திறக்காது. மட்டம் ஒன்றாகிவிட்டால் ஒரு கை போதும். இத்தாலியில் ஐந்நூறு வருடத்துக்கு முன்பே இந்தக் கதவைக் கண்டுபிடித்துவிட்டார்களாம், இன்றைக்கும் அதேதான் என்றார்.

"அப்ப இந்தப் படிக்கட்டு?" என்று கேட்டேன். கேள்வி கேட்டால்தானே பேச்சு நீளும்.

சரிவு செங்குத்தாக இருந்தால் ஒரு பூட்டுக்கும் அடுத்த பூட்டுக்கும் இடையில் படகு நிற்கத் தட்டையான இடம் கிடைக்காது. அதனால் அறைகளை ஒட்ட ஒட்டக் கட்டிவிடுவார்கள். மேல் அறையின் கீழ்க்கதவுதான் கீழ் அறையின் மேல்கதவு. கதவு மிச்சம், நிலம் மிச்சம். ஆனால் பிழை விட இடமில்லை. படகு இறங்குகிறதென்றால் மேல் அறை நிறைந்திருக்க வேண்டும், அதற்குக் கீழே உள்ள அறையெல்லாம் வெறுமையாக இருக்க வேண்டும். மேல் அறைத் தண்ணீர் வந்து நிற்க இடம் வேண்டுமல்லவா?

"கீழறையும் நிறைஞ்சிருந்தா?"

"வழியும்," என்றார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்துபோனது. அந்தப் பிரெஞ்சுக் கால்வாயில் முதலில் கட்டிய நேர்ச்சுவர் மண்ணின் பாரத்தில் இடிந்து விழுந்ததாம். பிறகுதான் அறைகளை முட்டை வடிவத்தில், சுவர் வளைந்து மண்ணை எதிர்த்துத் தள்ளுகிற மாதிரிக் கட்டினார்களாம். அன்றைக்குச் சோறு ஆறிப்போய்விட்டது.

மாசியில் மகளைப் பார்க்க லௌசானுக்குப் போனபோது, அந்தப் பக்கத்தில் ஒரு பழைய கால்வாய் இருக்கிறது, பார்க்க வேண்டும் என்றார். ஆந்த்ரரோஷ் என்று பெயர். அப்பா ஓர் இடத்துக்குப் போகக் கேட்டதே அதிசயம் என்று மகள் கூட்டிக்கொண்டு போனாள். போய்ப் பார்த்தால் காட்டுக்குள் ஒரு பள்ளம். இரண்டு பக்கமும் பாறை, அடியில் வாடிய இலை, நடுவில் மரங்கள். இதைப் பார்க்கவா குளிருக்குள் நடந்தோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அங்கே நட்டிருந்த அறிவிப்பை மகள் படித்துச் சொன்னாள். பதினேழாம் நூற்றாண்டில் ரைன் ஆற்றையும் ரோன் ஆற்றையும் இணைக்கப் பார்த்திருக்கிறார்கள். வடகடலில் ஏறிய சரக்கு சுவிஸ் வழியாக மத்தியதரைக் கடலில் போய் இறங்க வேண்டும், அதுதான் கனவு. நொய்ஷாத்தல் ஏரிப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்து, இந்தப் பாறையையும் பிளந்து, மேட்டைத் தாண்டி, கொசோனே என்ற ஊர் வரை வந்துவிட்டார்கள். அங்கிருந்து ஜெனீவா ஏரிக்குப் பெரிய இறக்கம். அத்தனை பூட்டுகளைக் கட்டக் கையில் காசில்லை. அங்கேயே நிறுத்திவிட்டார்கள். வெட்டிய தூரம் வரைக்கும் நெடுங்காலம் வைன் பீப்பாய் ஏற்றினார்களாம். படகோட்டிகள் பாதி வழியிலேயே பீப்பாயைத் திறந்து குடித்துவிடுவார்கள் என்றும் ஒரு கதை.

மகள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் நின்று, "மேடு ஏறி வந்திட்டாங்கள். இறங்கத்தான் வழி தெரியேல்லை," என்றார். குரலில் கோபம் இருந்தது. யாரோ நேற்று அவரிடம் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டுப் போனது போன்ற கோபம். திரும்பி வரும் ரயிலில், "அந்தப் படிக்கட்டை நான் கட்டப்போறன்," என்றார்.

எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலக்கீழ் அறை ஒன்று உண்டு. பழைய பெட்டிகளும் பனிச்சப்பாத்தும் கிடந்த அந்த அறை பட்டறையாகிவிட்டது. பகலில் பையோடு நூலகம், மாலையில் கீழே. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகடுகளை வாங்கி, வெட்டி, ஒட்டி, மூன்று அறைகள் செய்தார். கதவுகளை அவர் அரத்தால் ராவின அழகை நான் சொல்ல வேண்டும். மூக்கும் மூக்கும் சந்திக்கும் இடத்தில் ஒரு மயிரிழைகூட நுழையாது. கதவுக்குக் கீழே தண்ணீர் விடுகிற துவாரம், அதை அடைக்கவும், மேலே இழுத்துத் திறக்கவும் ஒரு அலுமினியப் பலகை. இப்போது வீட்டில் பேச்சு இருந்தது, ஆனால் எல்லாம் பூட்டைப் பற்றிய பேச்சு. வேலையைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை.

சித்திரையில் அதைப் பல்கனிக்குக் கொண்டுவந்து வைத்தார். ஓரத்தில் உயரமான மேசையில் பெரிய நீலத் தொட்டி, அதுதான் மேல் குளம். அதிலிருந்து மூன்று அறைகள் படிப்படியாக இறங்கி, கடைசியில் என்னுடைய உடுப்பு ஊறவைக்கும் பேசினில் முடிந்தன. அந்தப் பேசின்தான் ஜெனீவா ஏரி. "பக்கத்தில ஒரு வான் வெட்ட வேணும், கூடின தண்ணி வாளிக்க போற மாதிரி," என்று சொல்லிக்கொண்டிருந்தார். குளம் நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகிற இடத்தை எங்கள் பக்கத்தில் வான் என்போம். குளம் வான் பாய்ந்தால் ஊரே திரண்டுபோய்ப் பார்க்கும், அது சந்தோஷமான காட்சி. அதைப் பிறகு வெட்டலாம் என்று விட்டுவிட்டார்.

வருடப் பிறப்பை அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கொண்டாடினோம். அண்ணையும் மச்சாளும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். கூடவே அயலில் உள்ள இன்னொரு தமிழ்க் குடும்பமும். மகளுக்குப் பரீட்சை, அவள் வரவில்லை. வாசலில் நிறைகுடம் வைத்தேன். கைவிசேஷக் காசு கொடுத்தாகிவிட்டது, வடை போய்க்கொண்டிருந்தது. அண்ணை புதுவேட்டியோடு என் கணவர் பக்கத்தில் அமர்ந்து, "என்ன மச்சான், வேலையெல்லாம் எப்பிடிப் போகுது?" என்று கேட்டார்.

"போகுது. உங்கட?"

"அதுவும் போகுது," என்றார் அண்ணை.

நான் அகப்பையோடு சமையலறைக்குள் போய்விட்டேன். எத்தனை வருடப் பிறப்புக்கு இப்படியே ஓட்டுவது?

அதற்குள் அண்ணையின் மகள் பல்கனியில் இருந்ததைக் கண்டுவிட்டாள். எல்லோரும் வெளியே போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். மீன்தொட்டியோ, நீரூற்றோ என்று ஆளுக்கொரு கேள்வி. என் கணவர் பேசத் தொடங்கினார். நான் வாசற்படியில் நின்று கேட்டேன். கொசோனேயில் நின்றுபோன கால்வாயையும், முட்டை வடிவச் சுவரையும், மூக்கு நீட்டும் கதவையும் அவர் கையை அசைத்துச் சொல்லச் சொல்ல, பழைய மனிதர் எட்டிப் பார்த்தார். படகை நிலக்கீழ் அறையிலேயே வைத்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வாறன் என்று இறங்கிப் போனார்.

அந்த இடைவெளியில்தான் அது நடந்தது. மச்சாளுக்குக் கண்ணில் பட்டது கீழே இருந்த இரண்டு வெறும் அறைகள். "வருசப் பிறப்பும் அதுவுமா இப்பிடி வெறுமையா வைக்கலாமோ?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, குடத்தில் தண்ணீர் பிடித்து, மஞ்சள் கலந்து, நடு அறையை விளிம்பு வரைக்கும் நிறைத்தார். கீழறையையும் நிறைத்தார். இரண்டிலும் பூவும் மிதந்தது. நிறைகுடம் வைத்துப் பழகிய கை. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் அது சரியாகத்தான் தெரிந்தது. அத்தனை தரம் பாடம் கேட்டவள் நான், ஒரு சொல் சொல்லத் தோன்றவில்லை.

என் கணவர் படகோடு வந்தார். பல்கனி சின்னது, ஆட்கள் நெருக்கிக்கொண்டு கீழ் அறைகளை மறைத்து நின்றார்கள். அவர் மேல் குளத்துப் பக்கம் ஒதுங்கி, படகை விட்டு, மேல் அறைக்குள் தள்ளினார். கதவைச் சாத்தவில்லை, படகு போகிற அழகை எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டிருந்தார். "மூத்தவர் நீங்கள். முதல் பலகையை நீங்கள் தூக்குங்கோ மச்சான்," என்றார். நல்ல நாளில் நல்ல கையால் தொடங்க வேண்டுமே. அண்ணை வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கும்பிட்டுவிட்டு, பலகையைத் தூக்கினார். கொஞ்சம் தூக்கச் சொன்னதை முழுசாகவே பிடுங்கித் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

மேல் அறையும் அதன் பின்னால் திறந்திருந்த மேல் குளமும் நடு அறைக்குள் பாய்ந்தன. நடு அறையில் இடமில்லை. மஞ்சள் தண்ணீர் எழும்பி, பூவோடு சேர்ந்து நாலு பக்கமும் வழிந்தது.

வேறு யாராவது என்றால் பதறியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் ஆரவாரித்தார்கள். இளசுகள் "பொங்கலோ பொங்கல்!" என்று கூவினார்கள். "வான் பாயுது!" என்றார் அண்ணை, பலகையை இறக்காமலே. மச்சாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எது வழிந்தாலும் நல்லதென்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

"மூடடா! பலகையைப் போட்டு மூடடா எண்டுறன்!"

அண்ணையை, வயதில் மூத்தவரை, வருடப் பிறப்புக் கொண்டாட்டத்தில், என் கணவர் "அடா" போட்டுக் கத்தினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இலையுதிர் காலத்துக்குப் பிறகு அந்தக் குரலை நான் இப்போதுதான் கேட்கிறேன். அவர் அண்ணையின் கையிலிருந்து பலகையைப் பறித்துச் சொருகுவதற்குள் மேல் குளத்தில் பாதி இறங்கிவிட்டது.

கீழேயிருந்து, "ஹலோ!" என்று ஒரு குரல் வந்தது.

கீழ் வீட்டில் தனியாக இருக்கும் சுவிஸ் அம்மா அன்றைக்குத் தன் தங்கையைக் காப்பிக்கு அழைத்திருந்தார். பல்கனி மேசையில் கேக், அதன்மேல் எங்கள் மஞ்சள் தண்ணீர். வழக்கமாக இப்படி ஏதாவது என்றால் நான்தான் போய்ப் பேசுவேன். இவருக்கு ஜெர்மனில் வாய் எழும்பாது. அன்றைக்கு நான் அகப்பையை வைக்க முன்பே இரண்டு துவாயை அள்ளிக்கொண்டு, நனைந்த வேட்டியோடு இறங்கிப் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் பல்கனிக் கம்பியில் சாய்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். கீழே பேசுவது ஒவ்வொரு சொல்லும் மேலே வரும்.

மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமையில் இது என்ன வேலை, சாய்வுக் கதிரைத் துணி முழுக்க மஞ்சள், கட்டட நிர்வாகத்துக்கு அறிவிப்பேன் என்றார். இவர் துடைத்துத் தருகிறேன் என்றார்.

"எப்போது? நீங்கள் ஒவ்வொரு நாளும் காலையில் பையோடு போய் மாலையில்தானே வருகிறீர்கள், நான் பார்க்கிறேனே. சனிக்கிழமை வரைக்கும் இது இப்படியே கிடக்க வேண்டுமா?"

கீழே துவாயைப் பிழிகிற சத்தம் கேட்டது.

"நாளைக்கே வரலாம்," என்றார் என் கணவர். அவருடைய உடைந்த ஜெர்மனில், மெதுவாக. "நான் வேலைக்குப் போவதில்லை. இலையுதிர் காலத்திலிருந்து எனக்கு வேலை இல்லை. பையோடு நூலகத்துக்குப் போகிறேன்."

நான் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அத்தனை மாதமாக நான் புத்தி புத்தியாக ஊற்றிக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே நிறைந்திருந்த மனிதருக்குள். அது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்படியானால் நாளை ஒன்பது மணிக்கு," என்றார் அந்த அம்மா. "பிரஷ் நீங்களே கொண்டு வாருங்கள்."

அவர் மேலே வந்தபோது எல்லோரும் எதையாவது துடைத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் கேட்டுவிட்டோம் என்று அவருக்குத் தெரியும். பாயாசம் ஆறுகிறது என்று நான் எதையோ உளறினேன். அண்ணை குந்தியிருந்து துணியைப் பேசினுக்குள் பிழிந்துகொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்: "நாளைக்கு ஒன்பதுக்கோ மச்சான்? நானும் வாறன்."

"உங்களுக்கு வேலை எல்லோ?"

அண்ணை துணியை இன்னொரு தரம் பிழிந்தார். அதில் பிழியத் தண்ணீர் இல்லை.

"தையோட எனக்கும் நிப்பாட்டிப்போட்டாங்கள்," என்றார். "காலமை வெளிக்கிட்டுச் சூரிச்சுக்குப் போறனான். லாங்ஸ்ட்ராஸப் பக்கம் போகேலாது, எங்கட கடையளில ஆரும் கண்டிடுவினம். ஏரிக்கரையில ஒரு மரவாங்கில குந்தியிருந்திட்டு வாறனான்."

அவருடைய மகள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். மச்சாள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது, என்னைப் போலவே. இந்த வருடப் பிறப்பில் வெறும் தொட்டி ஒன்றைக்கூட அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் போனது ஏன் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நான் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் கணவர் அண்ணைக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நடு அறையில் மஞ்சள் தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"மாசி மாதக் குளிருக்குள்ளயும் அந்த வாங்கிலயோ இருந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"வேற எங்க போறது?"

"லைபிரரியில நல்ல சூடு மச்சான்," என்றார் என் கணவர். "எனக்குப் பக்கத்துக் கதிரை எப்பவும் வெறுமையாத்தான் கிடந்தது."